கரையில் தொடங்கும் கப்பல்: தமிழ்க் கடலோரத்துக்கு ஒரு கற்பனை டார்பிடோப் படகு

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன்மலை என்று இரண்டு மலைகள் உண்டு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அந்த அடிவாரத்து ஓடை மணலில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். பத்தடி நடப்பதற்குள் காந்தத்தைச் சுற்றிக் கருமணல் மயிர்க்கால்போல் சிலிர்த்து நிற்கும். விரலால் வழித்தால் அடங்காது. தாளைச் சுற்றிவைத்து உருவ வேண்டும். அது இரும்புத்தாது. கடலே இல்லாத ஊரில் பிறந்தவனுக்குக் கப்பல்மேல் ஆசை வந்தது அந்தத் தாளில் கொட்டிய கருமணலைப் பார்த்துத்தான். இவ்வளவு இரும்பு நம் மலையில் இருக்கும்போது, நம் கடலில் நம் போர்க்கப்பல் ஏன் ஓடவில்லை? ஓடியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்?

இரண்டாவது கேள்விக்கு உலகம் முழுவதும் கப்பல் ஆர்வலர்கள் பல காலமாக விடை வரைந்து வருகிறார்கள். நடக்காத வரலாறு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வரலாற்றின் கடற்படைக்கு 1900களின் டார்பிடோப் படகுகளை வடிவமைப்பது அவர்களுக்குப் பிடித்த வேலை. அந்த வேலையின் முறைகளை முதலில் சீர்தூக்கி, பிறகு தமிழ்க் கடலோரத்தில் அதைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பனைக் கப்பலின் மரபு

இல்லாத கப்பலை வரைவது பொழுதுபோக்கு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. உலகப் போர்க்கப்பல்களைத் தொகுத்து 1898இல் புத்தகம் வெளியிட்ட ஃபிரெட் ஜேன், அதே காலத்தில் கடற்போர் விளையாட்டு ஒன்றையும் உருவாக்கினார். 1903இல் அவருடைய ஆண்டுமலரில் இத்தாலியக் கப்பல் பொறியாளர் விட்டோரியோ குனிபெர்ட்டி, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஏற்ற இலட்சியப் போர்க்கப்பல் என்று ஒன்றைக் கற்பனையாக எழுதிக் காட்டினார். ஒரே அளவுப் பெரும்பீரங்கிகள் நிறைந்த அந்த மாதிரிக்கு நெருங்கிய கப்பலான டிரெட்நாட் 1906இல் நீரில் இறங்கியது. தாளில் வரைந்தது மூன்றே ஆண்டில் உலகக் கடற்படைகளின் கணக்கை மாற்றியது. தமிழிலும் சாண்டில்யன் ஒரு கப்பலைக் கற்பனை செய்து அதன் பெயரையே நாவலுக்கு வைத்தார்; கடல் புறாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது மரக்கலமாக அல்ல, ஒரு பாத்திரமாகவே நினைவிருக்கும்.

வடிவமைப்பாளர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். இருந்த கப்பல் ஒன்றை எடுத்துப் பெயரையும் கொடியையும் மாற்றுகிறவர்கள் முதல் வகை. பிழை வராது, புதிதாக ஒன்றும் தெரியவும் வராது. வேகம், பீரங்கி, டார்பிடோ மூன்றையும் ஒரே படகில் அள்ளி வைப்பவர்கள் இரண்டாம் வகை. படம் அழகாக இருக்கும், கப்பல் மிதக்காது. எடை, குதிரைத்திறன், நிலைத்தன்மை என்று கணக்குப் போட்டு வரைபவர்கள் மூன்றாம் வகை. இன்று இதற்குக் கணினி மென்பொருள்களும் உண்டு. மூன்றாம் வகையே நேர்மையானது. ஆனால் அவர்களிலும் பலர் கப்பலின் அடிப்பலகையோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். எந்தத் துறைமுகத்தில் அது நிற்கும், கரி எங்கிருந்து வரும், குழாய் வெடித்தால் யார் மாற்றுவார்கள் என்று கேட்பதில்லை. டார்பிடோப் படகு போன்ற சிறு கப்பலுக்கு இந்தக் கேள்விகளே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அதைத்தான் இங்கே நிறுவ முயல்கிறேன்.

நாற்பது ஆண்டு வரலாறு

ராபர்ட் வைட்ஹெட் 1866இல் அட்ரியாடிக் கரையில், ஃபியூமே நகரில், நீருக்கடியில் தானாக ஓடிக் கப்பலைத் தாக்கும் டார்பிடோவை உருவாக்கினார். பத்தாண்டு கழித்துத் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய லைட்னிங், ஏறத்தாழ 87 அடி நீளமுள்ள படகு, பிரிட்டிஷ் கடற்படையின் முதல் டார்பிடோப் படகானது. 1878 ஜனவரியில் ரஷ்யப் படகுகள் பாத்தும் துறைமுகத்தில் ஒரு துருக்கிக் கப்பலை இந்த ஆயுதத்தால் மூழ்கடித்தன. ஏழை நாடும் பணக்கார நாட்டின் இரும்புக்கோட்டையை வீழ்த்தலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. பிரான்சில் அட்மிரல் ஓப் தலைமையில் ஒரு சிந்தனைப் பள்ளியே எழுந்தது: பெருங்கப்பல் ஒன்றின் விலைக்குச் சிறுபடகுகள் பலவற்றைக் கட்டு, கூட்டமாக ஏவு.

நடைமுறை அந்த நம்பிக்கையைப் பாதி மெய்யாக்கியது, பாதி திருத்தியது. 1895இல் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் ஜப்பானியப் படகுகள் உறைபனி இரவில் நுழைந்து சீனக் கப்பல்களைச் சாய்த்தன. 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தரில் ஜப்பானின் 10 டிஸ்ட்ராயர்கள் 16 டார்பிடோக்களை ஏவின. மூன்று ரஷ்யக் கப்பல்களில்தான் அடி விழுந்தது. நின்றுகொண்டிருந்த, எதிர்பாராத எதிரிமேலேயே அவ்வளவுதான். இன்னொரு பக்கம், அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யப் பால்டிக் படை வடகடலில் ஆங்கில மீன்படகுகளை ஜப்பானிய டார்பிடோப் படகுகள் என்று நினைத்துச் சுட்டது. டார்பிடோப் படகு தந்த அச்சம் அதன் அடியைவிடப் பெரிது.

இதற்கிடையே படகு வளர்ந்துகொண்டே போனது. அதை வேட்டையாட 1893இல் வந்த டிஸ்ட்ராயர், படகின் வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. பிரிட்டன் 1906 முதல் கட்டிய 36 கரையோர டார்பிடோப் படகுகள் 175 அடிக்கு மேல் நீண்டன. டர்பைன், எண்ணெய் எரிப்பு, 26 நாட் (மணிக்கு 26 கடல்மைல்) வேகம். எங்கள் ஊர் ராஜகோபுரம் 217 அடி. அதைத் தேரடி வீதியில் சாய்த்துக் கிடத்தினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதில் ஐந்தில் நான்கு பங்குதான் இந்தக் கப்பல். லைட்னிங் பாதிக்கும் குறைவு. ஒல்லி உடம்பு, மூன்று நான்கு மில்லிமீட்டர் எஃகுத் தகடு. தட்டினால் தகரம்போல் ஒலிக்கும் அந்த உடம்புக்குள் ரயில் எஞ்சின்கள் பலவற்றின் வலிமையை அடைத்திருந்தார்கள்.

எந்த வரலாறு?

கற்பனைக்கு முன் உண்மை. இந்தியச் செலவில் டார்பிடோப் படகுகள் இருந்தன. 1880களின் இறுதியில் பம்பாய்த் துறைமுகக் காவலுக்காக மராட்டா, சீக், ராஜ்புத், பதான் போன்ற பெயர்களோடு அவை கட்டப்பட்டன. பெயர்கள் இந்தியாவுடையவை, கட்டிய தளம், கட்டளை, திட்டம் எல்லாம் இங்கிலாந்துடையவை. பிறகு அவை பிரிட்டிஷ் கடற்படைக்கே போயின. வெறும் எண்களாயின. கிழக்கிந்தியக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் காவல் நிற்பதற்காக இந்தியா ஆண்டுதோறும் 1 லட்சம் பவுண்டு கட்டியது. அன்றைய மாற்று மதிப்பில் 15 லட்சம் ரூபாய்.

இந்தத் தொகையை இன்னொரு தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. அதைத் திரட்ட அவர் ஊர் ஊராகப் போனார். காலியா, லாவோ என்ற இரு நீராவிக் கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்தன. 1908 மார்ச்சில் அவர் கைதானார். 1911இல் சங்கம் கலைந்தது. ஒரு மக்கள் இயக்கம் உயிரைக் கொடுத்துத் திரட்ட முனைந்ததைப்போல் ஒன்றரை மடங்கு, ஒவ்வோர் ஆண்டும் கணக்கில்லாமல் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. நம் மாற்று வரலாற்றின் திருப்புமுனையை இங்கேதான் வைக்க வேண்டும்: அந்த 15 லட்சம் இங்கேயே செலவாகியிருந்தால்?

இது ஆகாத கனவா? ஆஸ்திரேலியாவில் ஆகியிருக்கிறது. 1909இல் அந்நாடு மூன்று டிஸ்ட்ராயர்களுக்குச் சொன்னது. பாரமட்டா, யாரா இரண்டும் 1910இல் கடல் தாண்டி வந்தன. மூன்றாவதான வாரெகோவை ஸ்காட்லாந்தில் கட்டிப் பிரித்து, துண்டுகளைச் சிட்னிக்குக் கொண்டுவந்து காக்கட்டூ தீவில் மீண்டும் பூட்டினார்கள். தங்கள் கொல்லர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிரமம். ஜப்பான் அதையே இருபதாண்டு முன்னால் செய்திருந்தது: லண்டனின் ‘யாரோ’ (Yarrow) நிறுவனத்தின் கொட்டாகா படகு துண்டுகளாகப் போய் 1888இல் யோகோசுகாவில் கப்பலாயிற்று. நம் படகுக்கும் வழி இதுதான். முதல் இரண்டை விலைக்கு வாங்கு. மூன்றாவதைப் பிரித்து வாங்கிப் பூட்டு. நான்காவதை நீயே கட்டு.

கரை போடும் கட்டளைகள்

இனி வரைபலகை. முதல் கட்டளை ஆழம். தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் கரைக்குச் சில மைல் தள்ளி நங்கூரமிட்டன. சரக்கும் ஆளும் தோணியில்தான் போய்வந்தனர். கடலூர், நாகப்பட்டினம் துறைகளில் ஆற்று முகத்துவாரத்து மணல்மேடு வழி மறிக்கும். சென்னையில் 1870களில் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 புயல் உடைத்துப்போட்டது. கிழக்கு வாயிலில் மணலும் அலையும் தொல்லை கொடுத்ததால், சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயிலை வடகிழக்குக்கு மாற்றினார்கள். ஆகவே நீருக்குள் அமிழும் ஆழம் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு ஒரு வரமும் தருகிறது. பாம்பன் கால்வாயில் பெரிய போர்க்கப்பல் நுழைய முடியாது. இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். 2 மீட்டர் அமிழும் படகு, 1914 பிப்ரவரியில் திறந்த ரயில் பாலத்தின் தூக்குக் கண்ணைத் திறந்துவைத்தால், உள்வழியாகவே தூத்துக்குடிக்கும் நாகைக்கும் போய்வரும். எதிரிக்கு இல்லாத கொல்லைவழி நமக்கு இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே பெரிய டிஸ்ட்ராயர் ஆசையை விட்டுவிடலாம்.

இரண்டாவது கட்டளை காற்று. வாடை அடிக்கும் மாதங்களில் வங்கக் கடலின் குறுகிய, செங்குத்தான அலையில் தாழ்ந்த மூக்குள்ள படகு முழுகி முழுகி எழும். முன்மூக்கில் டார்பிடோக் குழாய் வைத்த ஐரோப்பியப் படகுகள் எதிரலையில் நீரை வாரி இறைத்துத் திணறின. ஆகவே குழாய்கள் நடுத்தளத்தில் சுழல் மேடைமேல்; முன்புறம் ஆமை ஓடுபோல் வளைந்த மூடி. பார்வைத் தூரமும் இங்கே வருகிறது. கண் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஏறத்தாழ 814 மீட்டர் உயர அண்ணாமலை உச்சிக்கு அது 100 கிலோமீட்டரைத் தாண்டும். கணக்கு மட்டும் பார்த்தால் கார்த்திகை தீபம் புதுச்சேரிக் கடல் வரை எட்டும். படகின் தளத்தில் நிற்பவன் கண் 3 மீட்டர் உயரத்தில். அவனுக்கு 6 கிலோமீட்டர்தான். தாழ்ந்த படகு தன்னை ஒளித்துக்கொள்ளும். அதே அளவுக்குக் குருடாகவும் இருக்கும். அதனால் கரையில் காவல்கோபுரமும் தந்திக் கம்பியும் இல்லாமல் அது இயங்காது.

மூன்றாவது கட்டளை கொதிகலன். ஆரம்பகால டார்பிடோப் படகுகளில் ரயில் எஞ்சின் வகைக் கொதிகலன்களே இருந்தன. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை பொன்மலைக்குப் போகும் முன் நாகப்பட்டினத்தில், கடலோரத்திலேயே இருந்தது. சென்னையில் பெரம்பூர் பணிமனை. ரிவெட் அடிக்கவும் குழாய் விரிக்கவும் தேர்ந்த நூற்றுக்கணக்கான கைகள் அங்கே இருந்தன. தமிழ்க் கடற்படையின் உண்மையான பிறப்பிடம் நாகை ரயில் பணிமனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ரயில் கொதிகலனை அப்படியே படகில் வைத்தால், விசிறிகொண்டு காற்றை ஊதி நெருப்பை முடுக்கும்போது குழாய்முனைகள் கசியும்; பிரிட்டிஷ் கடற்படை இதில் பட்ட பாடு பெரிது. நீர்க்குழாய்க் கொதிகலன் வேண்டும். அதிலும் பல வகை. சிலவற்றில் குழாய்கள் வளைந்திருக்கும். ஒவ்வொன்றையும் அதற்கான வார்ப்பில் வளைக்க வேண்டும். ‘யாரோ’ (Yarrow) வகையில் எல்லாக் குழாயும் நேர்கோடு. நீளம் பார்த்து வெட்டு, செருகு, முனையை விரி. நாகையில் ரயில் குழாய் மாற்றும் கைக்கு இது ஒரு வாரப் பயிற்சி. ஐரோப்பாவில் எது சிறந்தது என்று கேட்டால் விவாதம் முடியாது. நாகையில் எதைப் பழுதுபார்க்க முடியும் என்று கேட்டால் விடை உடனே கிடைத்துவிடுகிறது.

நான்காவது கட்டளை எரிபொருள். கடற்படைகள் விரும்பிய வேல்ஸ் நிலக்கரி புகை குறைந்தது. கப்பலில் வர வேண்டும். உள்நாட்டு ராணிகஞ்ச், ஜாரியா கரியில் சாம்பலும் புகையும் அதிகம். ரங்கூன் எண்ணெய் வழி ஒன்று இருந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் சென்னையிலேயே நின்றன. ஆனால் போர் வந்தால் ஒற்றைக் கடல்வழியை நம்பிய எரிபொருள் முதலில் நிற்கும். ஆகவே கரி எரித்து, துணைக்கு எண்ணெய் தெளிக்கும் கலப்பு ஏற்பாடு. இரவில் நெருங்கும்போது கரியைக் கிளறாமல் எண்ணெயில் ஓடினால் புகைபோக்கியில் தீப்பொறி பறக்காது.

உள்ளான் வகுப்பு

இத்தனையும் சேர்த்து நான் வரைந்த படகு இது. கரையில் அலை பின்வாங்கும்போது ஓடி, முன்வரும்போது விலகும் சிறுபறவையின் பெயரை வைத்திருக்கிறேன்: உள்ளான். நீளம் 40 மீட்டர், அகலம் 4.3, அமிழ்வு 1.9, எடை 120 டன். இரண்டு மும்முறை விரிவு நீராவி எஞ்சின்கள், இரண்டு கொதிகலன், 2000 குதிரைத்திறன். 18 அங்குல டார்பிடோக் குழாய் இரண்டு, மூன்று பவுண்டர் பீரங்கி இரண்டு. ஆட்கள் இருபத்தைந்துக்குள். சோதனை ஓட்டத்தில் 22 நாட். கரியும் தண்ணீரும் முழுதாக ஏற்றியபின் 20. பழைய புத்தகங்களில் வரும் வேகங்கள் பெரும்பாலும் படகைக் காலியாக வைத்து எடுத்தவை. கற்பனை வடிவமைப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

ஏன் 26 நாட் இல்லை? வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வலிமை உயர வேண்டும் என்பது தோராய விதி. 22ஐ 26 ஆக்க 2000 குதிரைத்திறன் 3300 ஆக வேண்டும். இன்னொரு கொதிகலன், அதற்கு இன்னும் நீளம், அதற்கு இன்னும் எடை. கடைசியில் முகத்துவாரத்து மணலில் தட்டும்.

முழு வேகத்தில் மணிக்கு 2 டன் கரி தேவைப்படும். அதாவது நிமிடத்துக்கு 33 கிலோ. ஆடும் தளத்தில், நிமிர முடியாத அறையில், நாலு பேர் விடாமல் அள்ளிப் போட வேண்டும். ஒரு சட்டிக் கரி நெருப்பின் நடுவில் குவியலாக விழுந்தால் வெள்ளைப்புகை கறுக்கும், அழுத்தமானி முள் இறங்கும். சமமாகப் பரப்பி வீசுவது ரயில் ஃபயர்மேனின் கலை. 20 டன் கரி பத்து மணி நேரம் தாங்கும், 200 கடல்மைல். சென்னையிலிருந்து நாகை ஏறத்தாழ 140. ஓர் இரவில் போய்ச் சேரலாம், திரும்ப முடியாது. கடலூரிலும் நாகையிலும் பாம்பனிலும் கரிக்கிடங்கு இல்லையென்றால் இந்தப் படகு சென்னை வாயிலின் காவல்நாயாக மட்டும் நின்றுவிடும். படகின் வரைபடத்தில் கிடங்குகளையும் சேர்த்து வரைந்தால்தான் வரைபடம் முழுமை.

ஒரு சோதனை இரவு

கற்பனைக் கப்பலை உண்மையான இரவில் இறக்கிப் பார்ப்பதே கடைசித் தேர்வு. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் ஜெர்மன் கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்த சென்னைக்கு வந்தது. கரைக்கு மூவாயிரம் கஜ அளவில் நின்று தேடொளியை அடித்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரைமணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்தது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் ஒன்றும் படவில்லை.

துறைமுகத்துக்குள் மூன்று உள்ளான்கள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். எம்டன் 23 நாட்டுக்கு மேல் ஓடக்கூடியது. துரத்திப் பிடிக்க நம்மால் ஆகாது. ஆனால் சுட்டுக்கொண்டிருந்த அந்த நிமிடங்களில் அது ஓடவில்லை. தன் தேடொளியாலும் தான் மூட்டிய எண்ணெய்த் தீயாலும் தன்னையே காட்டிக்கொண்டு நின்றது. 20 நாட் வேகத்துக்கு மூவாயிரம் கஜம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. வேகம் போதும், டார்பிடோ போதும். கேள்வி ஒன்றுதான்: அந்த நொடியில் கொதிகலனில் ஆவி இருந்ததா? குளிர்ந்த கொதிகலனை உயிர்ப்பிக்கப் பல நிமிடங்கள், சிலவற்றில் மணிக்கணக்கு. ஒரு படகாவது இரவு முழுதும் நெருப்பை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்கு மாறிமாறி ஆள் வேண்டும், எரிந்தே தீரும் கரி வேண்டும், வாயிலை இருட்டில் திறந்துவிடும் துறைமுகக்காரர் வேண்டும்.

இது வெறும் ஊகம் என்பார்க்குப் பினாங்கு சாட்சி. அதே எம்டன் அக்டோபர் 28 விடியற்காலையில் அத்துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கைத் தன் டார்பிடோக்களால் மூழ்கடித்தது. உள்ளே பிரெஞ்சு டார்பிடோக் கப்பல்கள் இருந்தன. அவற்றால் உடனே கிளம்ப முடியவில்லை. வெளிக்காவலிலிருந்து திரும்பிய மூஸ்கே தனியே எதிர்த்து மூழ்கியது. கப்பல் இருந்தும் கரை விழித்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முடிவாக

தொடக்கத்தில் சொன்ன கருமணலுக்கு வருகிறேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். பின்னால் 1853இல் எழுந்த கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி, திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த அன்றைய தென்னார்க்காட்டில் ஓர் ஊதுலை கட்டியது. விறகுக்கரியை நம்பிய அந்த முயற்சிகள் நெடுநாள் நிற்கவில்லை. தாது மலையில் இருந்தது, கடல் சில நாள் மாட்டுவண்டித் தூரத்தில் இருந்தது. இடையே உலையும் கரியும் தொடர்ந்து பணம் போடும் மனமும் இல்லை. காலியாவையும் லாவோவையும் வ.உ.சி. வெளிநாட்டிலிருந்து வாங்க நேர்ந்ததற்கும் காரணம் அதுவே.

அதனால்தான் நடக்காத வரலாற்றின் கப்பலை வரைய உட்காரும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பீரங்கியை வரையும் முன் பணிமனையை வரையுங்கள். கரி வந்து இறங்கும் மேடையை, குழாய் மாற்றும் கொல்லரை, இரவெல்லாம் நெருப்பைக் காக்கும் ஃபயர்மேனை வரையுங்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் யார் தருவது என்பதையும் எழுதுங்கள். என் தாளில் உள்ளானின் பக்கவாட்டுத் தோற்றம் ஒரு சாண் இடம்தான் பிடிக்கிறது. மீதித் தாள் முழுக்க நாகப்பட்டினம்.